காது மிஷின்: ஏழு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து 64,000 ரூபாய். காதுமடலுக்குப் பின்னால் உட்காரும் வகை. அதிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு வயர் இறங்கி, காதுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கரில் முடியும். ஸ்பீக்கர் நுனியில் ஓட்டை போட்ட ரப்பர் குடை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. பக்கத்தில் வந்தால் தெரியும், தெரிந்தால் தெரியட்டும்.

கம்பெனி பேரை எழுதவில்லை. விற்கிற மிஷின்களில் பெரும்பாலானவை உலகம் முழுக்க நாலைந்து பெரிய குழுமங்களிடமிருந்து வருகிறவைதான். நடுத்தர விலையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. யார் உட்கார்ந்து உங்கள் காதுக்கு ஏற்ற மாதிரி அதைச் செட் பண்ணித் தருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இது மிஷினைப் பற்றிப் பாதி, வாங்கிய இடத்தைப் பற்றிப் பாதி. நடுவில் என் வீட்டு விஷயமும் கொஞ்சம் வரும். அதை விட்டுவிட்டு இந்த மிஷினைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வயது 64. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் 33 வருஷம் ஸ்பின்னிங்கில் ஃபிட்டராக இருந்தேன். 2019ல் ரிட்டயர். ரிங் பிரேம் என்கிற நூற்பு மிஷின் ஓடுகிற கூடத்துக்குள் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பிரேமில் ஆயிரம் ஸ்பிண்டில், அதாவது நூல் சுற்றுகிற கதிர், இருக்கும், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், அப்படி வரிசையாகப் பிரேம்கள். பக்கத்தில் நிற்கிறவனிடம் ஸ்பானர் கேட்பதென்றாலும் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். யாரும் கத்த மாட்டோம். உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வோம். "டீ வந்துருச்சு", "மேஸ்திரி வர்றான்", "எட்டாம் நம்பர் பெல்ட் போச்சு", எல்லாம் உதட்டிலேயே. காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம், மில்லில் பஞ்சுக்கா பஞ்சம். வெறும் பஞ்சு அந்தச் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று எனக்கு 63 வயதில்தான் ஒருவர் சொன்னார்.

இப்படி உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியதில் ஒரு கெடுதல் உண்டு. காது போனது தெரியவே தெரியாது. கண் அந்த வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துச் செய்துகொண்டிருக்கும். எனக்கு அது 2020 வரைக்கும் ஓடியது. கொரோனா வந்து ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டதும், ஊரே என்னிடம் முணுமுணுக்க ஆரம்பித்தது. பேங்க் கவுன்டரில் இருக்கிற பெண் முணுமுணுத்தாள், மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்தார், ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னவர் முணுமுணுத்தார். இரண்டாம் தடவை கேட்டால் எல்லாருக்கும் எரிச்சல். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் போட்ட கணக்கு இதுதான்: சம்பளம் நின்றது, மதிப்பும் நின்றது. ஒரு தடவை இந்தக் கணக்குப் போட்டுவிட்டால் அப்புறம் தினமும் அதற்கு ரசீது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

2021 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். மருமகளின் தங்கை வந்திருந்தாள். நான் வெளியே போய்விட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறேன். சமையல்கட்டில் மருமகள் எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், குழாயில் தண்ணீர் ஓடுகிறது. தங்கையிடம் சொல்கிறாள்: "கிழம் வந்துருச்சு பாரு." தங்கை சிரிக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பெண்ணிடம் "ம்", "சரி", "வேண்டாம்" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நாலு வருஷம். ராத்திரி எல்லாரும் உட்காருவதற்கு முன்னால் நான் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். வீட்டுக்காரி கேட்டால் "வயிறு சரியில்லை" என்பேன். நாலு வருஷம் யாருக்காவது வயிறு சரியில்லாமல் இருக்குமா?

எதிர்வீட்டுக்காரர் கதை இன்னொன்று. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். முன்பெல்லாம் காலையில் பால் வாங்கப் போகும்போது இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசுவோம். அது நின்றது. அப்புறம் அவர் பேரனின் காதுகுத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. காதுகுத்துதான், சிரிக்காதீர்கள். அதையும் என் ரசீதுக் கட்டில் சேர்த்துக் குத்திவைத்தேன்.

டிவி சத்தத்தைப் பற்றிப் பையனுக்கும் எனக்கும் ஒருநாள் பெரிய வாக்குவாதம். அதன் முடிவில்தான் காதைச் சோதிக்கக் கிளம்பினோம்.

முதலில் போன கடையின் பேரையும் சொல்லப் போவதில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சிரிக்கிற வெள்ளைக்காரத் தாத்தா படம். உள்ளே இருந்த பையன் டை கட்டியிருந்தான். நான் நடு நாற்காலி, என் மகன் பக்கத்து நாற்காலி. "அப்பாவுக்கு என்ன பட்ஜெட் பாக்கறீங்க சார்?" மகனைப் பார்த்து. "அப்பா ரொம்ப வெளிய போவாருங்களா?" மகனைப் பார்த்து. "அப்பாவுக்கு போன் எல்லாம் யூஸ் பண்ணத் தெரியுங்களா?" மகனைப் பார்த்து. காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, ரோட்டுப் பக்கம் திறக்கிற அதே அறையில் பத்து நிமிஷம் சோதனை என்று ஒன்று நடந்தது. வெளியே லாரி ஹாரன் கேட்டதற்கும் நான் பட்டனை அமுக்கியிருப்பேன். கடைசியில் மூன்று கட்டம் போட்ட அட்டையை எடுத்தான்: ஒரு லட்சத்து எண்பது, ஒரு லட்சத்து இருபது, எழுபது. இன்றைக்கே எடுத்தால் 40 சதவீதம் தள்ளுபடி.

படி இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. இதையும் பையன் "உங்களுக்கு அப்படித் தோணுதுங்கப்பா" என்பான் என்று நினைத்தேன். அவனாகவே சொன்னான்: "அந்தாளு உங்களப் பாக்கவே இல்லீங்கப்பா. வேற எடம் போலாம்." இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

இரண்டாவது இடம் ஒரு மாடியில், பெரிய போர்டு எல்லாம் இல்லை. ஆடியோலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதிக்கிற நிபுணர், முப்பது வயதுப் பெண். சுவரில் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. நீங்கள் எங்கே போனாலும் முதலில் அதைத் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்து, என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். மகனிடம் "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா சார்" என்றார். அங்கேயே எனக்குப் பாதி காது திரும்பிவிட்டது.

டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்து அழுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தியதும் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஹெட்போனில் மெல்லிய "பீப்" கேட்கும், கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். தாழ்ந்த சுருதியில் 250லிருந்து மேலே 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், காதுக்குக் காது தனித்தனியாக. அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு பட்டையை வைத்து அதே சோதனை. எலும்பு வழியாகவும் கேட்கவில்லை என்றால் பிரச்சினை உள்காதில், மருந்துக்கோ ஆபரேஷனுக்கோ சரியாகிற வகை அநேகமாக இல்லை என்று அர்த்தமாம். எனக்கு அப்படித்தான்.

கடைசிச் சோதனைதான் என்னைக் கவிழ்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "கடை," என்றேன். அடுத்தது, "கடை." அதற்கடுத்தது, "வடைங்களா?" அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். கடை, தடை, படை, சடை. நாலும் நாலு வார்த்தை. அட்டையோடு கேட்டபோது எனக்கு "-டை, -டை, -டை" என்றுதான் வந்திருந்தது. முன்னால் இருந்த எழுத்தை நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தைக் காட்டி விளக்கினார். 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபலுக்கே கேட்கிறது, நல்ல காது. கோடு 2,000 தாண்டியதும் சரிய ஆரம்பித்து, 4,000ல் கிணறு மாதிரி 65க்கு இறங்குகிறது, அதாவது அவ்வளவு சத்தமாக வந்தால்தான் கேட்கும். 8,000ல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. 4,000ல் குழி விழுவது சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் கையெழுத்து என்றார். உயிர் ஒலிகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன, அவை எனக்கு வந்துவிடுகின்றன. ச, த, க, ப மாதிரியான மெய்களை அடையாளம் காட்டுவது மேல் சுருதிதான். அதனால் ஆள் பேசுகிற சத்தம் நன்றாகக் கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. "அதனாலதான் உங்களுக்குச் செவிடுன்னு தோணியிருக்காதுங்க. மத்தவங்க சரியாப் பேசலைன்னுதான் தோணியிருக்கும்."

அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "வீட்ல உங்க மேல யாராவது கோவமா இருக்காங்கன்னு இருக்குங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண்ணிடம் என் மகன் முன்கூட்டியே போனில் பேசிவிட்டானோ என்று சந்தேகப்பட்டேன். பாருங்கள், அந்தச் சந்தேகமும் உடனே வருகிறது. அவர் சிரித்துக்கொண்டே அமெரிக்காவில் 1981ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். ஸ்டான்ஃபோர்டில் ஜிம்பார்டோ என்ற உளவியல் பேராசிரியரும் கூட இருவரும் செய்தது. 18 கல்லூரி மாணவர்கள். ஹிப்னாடிசத்தில், ஒரு சைகை வந்ததும் காது மந்தமாகிவிடும் என்று சொல்லிவைத்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தங்களுக்குக் காது மந்தமாக்கப்பட்டது நினைவில் இருந்தது. இன்னொரு பிரிவினருக்கு அது மறந்துபோகிற மாதிரி செய்துவிட்டார்கள். பிறகு அறையில் ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்பாடு செய்த இரண்டு பேர் அவர்களுக்குச் சம்பந்தமில்லாத எதையோ பேசிச் சிரித்தார்கள். காது மந்தம் என்று தெரிந்தவர்கள் சும்மா இருந்தார்கள். தெரியாதவர்கள் கடுகடுப்பானார்கள், பகைமை காட்டினார்கள், சந்தேகப்பட்டார்கள். தன் காது கேட்கவில்லை என்று தெரியாதவனுக்கு, இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிச் சிரிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

பதினெட்டுப் பேர் எங்கள் மில்லில் அரை ஷிப்டுக்குக் காணாது, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. இரண்டு பேர், சிரிப்பு, சமையல்கட்டு. நான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் வீட்டில் போட்டுப் பார்க்க முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். முதல் நாள் சித்திரவதை என்பதை மறைக்கக் கூடாது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரக்கொட்டகையில் மழை பெய்கிறது. என் செருப்புச் சத்தம் யாரோ பின்னால் வருகிற மாதிரி. மூன்று வருஷமாகச் சத்தமே இல்லாத நல்ல ஃபேன் என்று நான் ஊரெல்லாம் சிபாரிசு செய்த ஃபேன் "டக் டக்" என்று அடித்துக்கொண்டிருக்கிறது. என் குரல் எனக்கே குடத்துக்குள் பேசுகிற மாதிரி. மிக்ஸி போட்டபோது இரண்டையும் பிடுங்கி எறியப் போனேன். இது எல்லாருக்கும் வரும், மூளை இந்தச் சத்தங்களை மறந்திருக்கிறது, திரும்பப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார். முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் மூன்று, அப்படி ஏற்றிக்கொண்டு போனேன். பெரும்பாலான மிஷின்கள் மேஜை இழுப்பறைக்குள் போவது இந்த முதல் வாரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ பாடுகிறார்கள். டிவி என்று நினைத்தேன், டிவி ஓடவில்லை. எட்டிப் பார்த்தால் மருமகள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், மெதுவாக ஏதோ பழைய பாட்டு, வாய் அசைவது கூடத் தெரியாது. இந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள் என்று நான் வைத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் துணி மடிப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் காய் நறுக்குவாள். நாலு வருஷமும் பாடிக்கொண்டேதான் செய்திருக்கிறாள் போல.

அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் கிழம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. "ஏனுங்க, அன்னிக்குக் குச்சிக்கிழங்கு வேகவெச்சது நானுங்க. கிழங்கு வெந்துருச்சு பாருன்னு தங்கச்சிகிட்டச் சொல்லியிருப்பா."

கிழங்கு வெந்துருச்சு பாரு. கிழம் வந்துருச்சு பாரு. நீங்களே குழாயைத் திறந்துவிட்டு, திரும்பி நின்று யாரையாவது சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. அன்று சாயங்காலம் திண்ணைக்கு ஒரு தட்டு வந்தது. வெல்லம் தேங்காய்த் துருவல் போட்ட குச்சிக்கிழங்கு. கொண்டுவந்து வைத்தது மருமகள்தான். கோபத்தில் நான் தொடவில்லை, ஆறி எறும்பு வந்தது. பக்கத்திலேயே சாட்சி தட்டில் இருந்திருக்கிறது. நான் அதைச் சாட்சியாகப் பார்க்கவில்லை, வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். பேசினாளோ என்னவோ.

மறுநாள் அவளுக்கும் விஷயம் போய்விட்டது. "நான் அப்படிச் சொல்லுவனுங்களா மாமா?" என்று வந்து நின்றாள். அவளுக்கு அந்த நாளே நினைவில்லை. நினைவில்லாத நாளைப் பற்றி என்ன சாட்சி சொல்வாள், அதனால் சத்தியமாகக் கிழங்குதான் என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் அவள் பக்கம் ஒரு கதை வைத்திருந்தாள். அந்த ஜனவரியில்தான் அவள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை, அதனால்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை என்று அவள் நாலு வருஷமாக முடிவு கட்டியிருந்தாள். இரண்டு பேரும் இரண்டு கதை எழுதிக்கொண்டிருந்தோம், ஒரே வீட்டில்.

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். அதற்கு மேல் அன்று எனக்கு வார்த்தை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரரிடம் நானே போய் மிஷினைக் காட்டினேன். "அடப்பாவி மனுசா" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனை காலை "என்ன மில்லுக்காரரே" என்று கூப்பிட்டாராம், நான் திரும்பாமல் போனேனாம். பையனுக்கு நல்ல சம்பளம், தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர் வீட்டில் பேச்சு. தலைக்கனம் பிடித்தவன் வீட்டுக்கு யார் பத்திரிகை கொண்டுபோவார்கள்? என்னைத் தள்ளிவைத்தார்கள் என்பது உண்மை. அதில் என் கண்ணில் தப்பில்லை. முதலில் தள்ளிவைத்தது நான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து, ட்யூனிங்குக்காக இரண்டாம் முறை போனபோது அந்த ஆடியோலஜிஸ்டிடம் கேட்டேன்: அப்போ எல்லாம் என் பிரமைதானா? அவர் இன்னொரு சோதனை சொன்னார். 1980ல் அமெரிக்காவிலேயே கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இருவர் செய்தது. ஆட்களின் முகத்தில் மேக்கப்பில் பெரிய தழும்பு போட்டுக் கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு காயாமல் இருக்க ஏதோ பூசுகிறோம் என்று சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அந்தத் தழும்பை அழித்துவிட்டார்கள். அவர்கள் போய் ஒருவரோடு பேசிவிட்டு வந்து, தழும்பைப் பார்த்து அவர் சங்கடப்பட்டார், வித்தியாசமாக நடந்துகொண்டார் என்றார்களாம். முகத்தில் ஒன்றுமே இல்லை.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதை அப்படியே விழுங்க எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை சொல்லிவிட்டேன். எங்கள் ஷிப்டில் என்னோடு இருந்த ஒருவன், நல்ல வேலைக்காரன். அவன் ஊர் டீக்கடையில் அவன் சாதிக்காரர்களுக்குத் தனி டம்ளர். எங்கள் பக்கத்து ஊர்களில் அது இருந்தது ஊரறிந்த விஷயம். குடித்துவிட்டு அவனே கழுவி வைக்க வேண்டும். அவன் முகத்தில் யாரும் மேக்கப் போடவில்லை. டம்ளர் கண்ணுக்குத் தெரிகிற டம்ளர். அவனிடம் போய், உனக்கு அப்படித் தோன்றுகிறது என்று இந்தத் தழும்புக் கதையை யாராவது சொன்னால் என்ன நியாயம்? என்னை நாற்காலியில் வைத்துக்கொண்டே என் மகனிடம் பேசிய டை கட்டின பையனும் பிரமை இல்லை. என் மகனும் பார்த்தான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுவும் சரிதாங்க," என்று சொல்லிவிட்டு மேல் சுருதியை இரண்டு புள்ளி ஏற்றினார்.

டீக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. மிஷின் எனக்கு நல்ல செய்தியாகவே கொண்டுவருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பத்து வருஷமாகப் போகிற கடை. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் சிரித்துத் தலையாட்டி, கேட்காமலே டீ போடுவார். ஊரில் மரியாதை தெரிந்த ஒரே ஆள் என்று வைத்திருந்தேன். மிஷின் போட்டுப் போன முதல் நாள் உள்ளே குரல் கொடுக்கிறார்: "செவிடருக்குச் சக்கரை கம்மியா ஒண்ணு." எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத குரல், எங்கள் தெருவில் நொண்டி ஆறுமுகம், கட்டை முருகேசன் என்று கூப்பிடுகிற அதே குரல். ஆனாலும் அன்று அந்த டீ இறங்கவில்லை. பத்து வருஷமாகச் சர்க்கரை கம்மி என்பதை ஞாபகம் வைத்திருப்பவரும் அவர்தான். இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடையை மாற்றவில்லை.

சரி, மிஷினுக்கு வருகிறேன்.

பேட்டரி: ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13ஆம் நம்பர். கடையில் முதலில் காட்டியது பிரவுன் ஸ்டிக்கர் 312 போடுகிற இன்னும் சின்ன மிஷின். ஸ்பானர் பிடித்த என் விரலுக்கு அந்தப் பேட்டரி மிளகு மாதிரி உருண்டு ஓடியது, வேண்டாம் என்றேன். ஸ்டிக்கரைக் கிழித்ததும் உடனே போடாதீர்கள், காற்றை இழுத்து வேலை செய்கிற பேட்டரி அது, ஒரு நிமிஷமாவது வெளியே வைத்துப் பிறகு போட வேண்டும். கிழித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர ஆரம்பித்துவிடும். எனக்கு ஒன்று பத்து நாள் வருகிறது. தீர்வதற்கு முன்னால் காதுக்குள் பீப் அடிக்கும். அது பெரும்பாலும் சாவு வீட்டில் அடிக்கும்.

சார்ஜ் போடுகிற வகையும் இருக்கிறது, விலை கூட. ஒருநாள் சார்ஜ் போட மறந்தால் நாள் முழுக்கச் செவிடு என்பதால் நான் எடுக்கவில்லை.

வீயென்று கத்துவது: ரப்பர் குடை சரியாக உட்காராவிட்டால் கத்தும். பேரன் "அப்பாரு" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டால் கத்தும். அவனுக்கு அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. ஹெல்மெட் போடும்போது கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கண்ணாடி, முகக்கவசக் கயிறு, மிஷின் மூன்றும் ஒரே காதுமடலில் தொங்கும்போது, கவசத்தைக் கழற்றுகிற வேகத்தில் மிஷின் தெறித்து விழும். ஒருமுறை மருதமலைப் படியில் தேடினேன்.

கல்யாண மண்டபத்தில் பிரயோஜனம் குறைவு. நாதஸ்வரம், மைக், பந்தியில் இலை போடுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். பேசுகிறவர் முன்னால் வந்து நின்றால் பரவாயில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்றைக்கும் நான் பழைய மில்லுக்காரன்தான், உதட்டைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸில் இன்ஜின் பக்கம் உட்காராதீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிற மிஷினை மச்சினர் வாங்கி எனக்குக் காட்டினார். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்கு ஏற்றிவிடுகிறது அது, என் காதுக்கு ஏற்ற வேண்டியது மேல் சுருதி மட்டும். சோதனை செய்யாமல் எதையும் காதில் மாட்டாதீர்கள்.

64,000 கஷ்டம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி இருந்தால் காதொலிக் கருவி இலவசமாகவே கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து மலை ஏறி இறங்கினால் மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் போகிறவர்கள் உண்டு.

இடத்துக்கும் மிஷினுக்கும் சேர்த்து ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது, ராத்திரி மிஷினை ஈரம் போகக் காயவைக்கிற டப்பாவுக்குத் தனியாக 1,200 ரூபாய் போட்டதற்கு. 64,000 கொடுப்பவனுக்கு அதைச் சும்மா கொடுக்கக் கூடாதா? பையன் பணம் கட்டுகிறான் என்று என் தலையில்தான் கட்டினார்களோ என்றும் ஒரு யோசனை வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா பில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவரிடமும் 1,200தான்.